பின்பலகை உயரம் பதினைந்து

சூடாமணி கையெழுத்துப் போடாமல் திருவனந்தபுரத்துக்குள் முப்பத்துமூன்று வருஷம் ஒரு காற்றும் நுழைந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கோவளம் பக்கம் வந்து நின்று, செருப்பைக் கழற்றி வைத்து, "அம்மா, உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊருக்குள் வரும். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. காற்று தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது. வந்த பிறகு இவள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் வலியசாலைத் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொன்னதைத்தான் சொல்வார்கள். நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

வானிலை அலுவலகத்தில் அவளுக்குப் பலூன் விடுகிற வேலை. காலையில் வாயு நிரப்பிய பலூனை மேலே அனுப்பிவிட்டு, தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, அது எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போகிறது என்று குறிக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு பலூன் விட்ட மாட்டுப்பெண் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அளவு விஷயத்தில் ராட்சசி. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் காகிதத்தில் "எட்டு" என்று மட்டும் எழுதி நீட்டினால், அப்படியே திருப்பி அவர்கள் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"எட்டு என்ன? நாட்டிக்கல் மைலா, கிலோமீட்டரா, இட்லியா? அலகு இல்லாத நம்பர் விலாசம் இல்லாத கார்டு மாதிரி. எந்த ஆத்துக் கதவை வேணும்னாலும் போய்த் தட்டும்."

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத்தான் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஓய்வு பெற்ற மறுமாசம் படகு வாங்கினாள். வேளிக் காயல் கரையில் ஒரு படகு கிளப்பை மூடிச் சாமான்களை ஒழித்தபோது, ஒற்றைப் பாய் கட்டிய பதினாலு அடி ஃபைபர் படகு ஒன்று மூலையில் கவிழ்ந்து கிடந்தது. முப்பத்துமூன்று வருஷம் கல்யாண வீடுகளில் பரிமாறினவளுக்கு ஒரு நாளாவது இலையில் உட்காரத் தோன்றாதா? அப்படித்தான், காற்றை எழுதி எழுதிக் கை வலித்தவளுக்கு அதன்மேல் ஏறிப் போகத் தோன்றியது. கிளப்பில் வேலை பார்த்தவரிடம் ஆறு மாசம் பாய் கட்டப் பழகினாள். படகின் பின்பலகை உளுத்திருந்ததால் செல்வமணி ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுத் தேக்குப் பலகை போட்டாள். படகுக்கு 'பலூன்' என்றே பேர் வைத்தாள்.

அவள் அகத்துக்காரர் அனந்தபத்மநாபன். அந்தத் தெருவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஏழில் ரொம்ப மெதுவாகத் திரும்புகிறவர் இவர், உடம்பு அப்படி. ரயில்வேயில் வண்டிகளின் நேரத்தைக் கண்காணித்தே ஆயுசைக் கழித்தவர். மத்தியானம் பன்னிரண்டு அடிக்கும்போது இலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஐந்துக்குச் சாம்பார் வந்தால், "வண்டி லேட்," என்பார். படகில் முன்பெஞ்சுதான் அவர் இடம். குடையை விரித்துக்கொண்டு, திருவிழா யானைமேல் உட்கார்ந்தவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு வருவார்.

வினை ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காயலின் நட்டநடுவில் காற்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பாய், காயப்போட்ட வேஷ்டி மாதிரித் தொங்கிற்று. படகில் இருக்க வேண்டிய ஒரே துடுப்பு, வீட்டில் மாங்காய் பறிக்கும் கொக்கியாக இருந்தது. அதில் வலையைக் கட்டியவர் அனந்தபத்மநாபன்தான். ஆனால் மணி பன்னிரண்டு தாண்டிப் பசியில் இருக்கிற மனுஷரிடம் அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? கடைசியில் மணி ஒன்றரைக்கு, அன்னப்பட்சி வடிவத்தில் ஒரு மிதிபடகு வந்தது. சேலத்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி. கயிறு கட்டி, மிதித்து மிதித்து, இவர்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் போட்டோவும் எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எப்படியோ குடியிருப்போர் சங்க வாட்ஸாப்புக்கு வந்துவிட்டது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இன்றைய வானிலை: அன்னம், வடக்கிலிருந்து, மிதமான வேகம்."

பெங்களூரிலிருந்து மகள் ராஜஸ்ரீ போன் பண்ணி, "அம்மா, வித்துடு," என்றாள். அனந்தபத்மநாபன் அதற்குள் ஆளே பிடித்துவிட்டார். பூவாறு பக்கம் ஒரு ரிசார்ட். வாசலில் படகை நிறுத்தி, மண்ணைக் கொட்டிக் குரோட்டன்ஸ் வைப்பார்களாம்.

"குரோட்டன்ஸா?" என்றாள் சூடாமணி. "என் படகிலேயா?"

"மணி பிளாண்டும் உண்டாம்."

அன்றைக்கு அவர் இலையில் ரசத்துக்கு அப்புறம் மோர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார்.

"சரிடி. ஒரு மோட்டார் வெச்சுக்கோ. நான் சொல்ற ஞாயித்துக்கிழமை, நான் சொல்ற நேரத்துக்குக் கிளம்பணும். கடலோரத்து மணல்திட்டு வரைக்கும் என்னைக் கூட்டிண்டு போய், பன்னெண்டு மணிக்கு ஆத்திலே இலை முன்னாடி உக்கார வெச்சுட்டேன்னா, படகு உன்னோடது. அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு நிமிஷம் தாண்டினாலும் குரோட்டன்ஸ்."

"ஒத்துண்டேன்," என்றாள் சூடாமணி. மோரும் வந்தது.

மோட்டார் வேட்டை சாலைக் கடைத்தெருவில் ஆரம்பித்தது. பிச்சைக்கனியின் கடையில் கிணற்று மோட்டார்தான் வியாபாரம்; திசையன்விளைக்காரர். "மோட்டாரா? எத்தனை மாடிக்குத் தண்ணி ஏத்தணும், மாமி?" என்றார்.

"தண்ணி ஏற வேண்டாம். தண்ணிமேல நான் ஏறிப் போகணும்."

பிச்சைக்கனி ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பதினஞ்சு குதிரைசக்திக்குக் குறைஞ்சு எடுக்காதீங்க," என்றார். தெரியாத விஷயமானால் பெரிய நம்பராகச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். தெருவில் மற்றவர்களும் அப்படியே. ஆளுக்கு ஒரு குதிரை கூட்டிக்கொண்டே போனார்கள். அனந்தபத்மநாபன் மட்டும், "பேட்டரி மோட்டார் வாங்கு, சத்தமே இருக்காது," என்றார். நடுக்காயலில் சார்ஜ் தீர்ந்து நிற்கும் என்கிற நம்பிக்கையில்தான் சொல்கிறார் என்று அவர் மீசை காட்டிக்கொடுத்தது.

விவரம் தெரிந்த ஆள் கடைசியில் விழிஞ்ஞத்தில் அகப்பட்டாள். ஜெபமலர். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறவள். அவள் பட்டறையில் ஒரு மரச்சட்டத்தில் எஞ்சின்கள் வரிசையாகத் தொங்கின, பகலில் தூங்குகிற வவ்வால்கள் மாதிரி. சூடாமணி குதிரைக் கணக்கை ஆரம்பித்ததும் ஜெபமலர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும் மாமி. முதல்ல இதைத் தூக்குங்க."

பத்துக் குதிரை எஞ்சின். சூடாமணி தூக்கப் பார்த்தாள். எஞ்சின் அசையவில்லை, அவள்தான் அசைந்தாள்.

"இதை?"

எட்டுக் குதிரை. முழங்கால் உயரம் வந்து, போதும் என்று இறங்கிவிட்டது.

"இதை?"

ரெண்டரைக் குதிரை. கைக்குழந்தையை இடுப்பில் வைக்கிற மாதிரி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அதாக்கும் உங்க எஞ்சின்," என்றாள் ஜெபமலர். "உங்களுது பாயில போற வள்ளம். காத்து இல்லாதப்ப கரை சேத்தா போதும் கேட்டியளா. தூக்க முடியாத எஞ்சினை வாங்கினா அது கரையிலதான் கிடக்கும். இனி தண்டு. இதுலயே ரெண்டு உண்டு. ஒண்ணுக்குத் தண்டு பதினஞ்சு இஞ்சு, மத்ததுக்கு இருபது. வள்ளத்தோட பின்பலகைலதான் மாட்டணும். பலகை உயரமா இருந்து தண்டு குட்டையா இருந்தா, அடியில உள்ள விசிறி தண்ணியில முங்காது. பலகை என்ன உயரம்? நான் வேணும்னா வந்து அளக்கட்டா?"

சூடாமணிக்குச் சுருக்கென்றது. "எனக்கு அளக்கச் சொல்லித் தரியா? இந்த ஊர்க் காத்தையே அளந்தவளாக்கும் நான்." அங்கேயே செல்வமணி ஆசாரிக்குப் போன் போட்டாள். பலகை போட்டவன் அவன்தானே. "ஆசாரி, பின்பலகை எவ்வளவு உயரம் வெச்சே?"

"பதினஞ்சு, அம்மா. நூல் பிசகாது."

"பதினஞ்சு!" என்று ஜெபமலரிடம் திரும்பிச் சொன்னாள். குட்டைத் தண்டு எஞ்சின் ஆட்டோவில் ஏறி வலியசாலைக்கு வந்தது. நெட்டைத் தண்டு எஞ்சினை மறுநாளே அஞ்சுதெங்குக்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார்.

வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, கல்யாணத்துக்குச் சாம்பார் கொதிக்கிற பெரிய அண்டாவைச் சமூக மடத்திலிருந்து கேட்டு வாங்கி, கிணற்றடியில் வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். தூணில் பலகை கட்டி, பலகையில் எஞ்சினை மாட்டி, கயிற்றை ஒரு இழு. அடடா! அண்டாவுக்குள் அலையடித்தது. தண்ணீர் எழும்பி, அடுத்தாத்து மொட்டைமாடியில் காய்ந்த வடாம் மறுபடி மாவாயிற்று. வடாத்துக்குச் சொந்தக்காரி எட்டிப் பார்த்து என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. சூடாமணிக்கு அது காதிலும் விழவில்லை. எஞ்சின் அவ்வளவு நன்றாக உறுமிற்று.

அனந்தபத்மநாபன் அன்றைக்கே நாள் குறித்தார். பரணிலிருந்து அவளுடைய பழைய காற்றுக் குறிப்பு நோட்டுகளை இறக்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தவர், சித்திரை மூன்றாம் ஞாயிறு என்றார். முப்பத்துமூன்று வருஷக் கணக்கில் காற்று மிகக் குறைவாக இருந்த நாட்கள். இவள் எழுத்து, இவள் கையெழுத்து. மறுத்து என்ன பேச முடியும்?

முதல்நாள் சனிக்கிழமை, அவருக்குத் தெரியாமல், படகில் எஞ்சினை மாட்டிக்கொண்டு தனியே காயலுக்குள் போனாள். கயிற்றை இழுத்தாள். எஞ்சின் உறுமவில்லை, வீரிட்டது. காலி மிக்ஸியை ஓட்டினால் ஒரு சத்தம் வருமே, அது. பின்னால் நுரை கிளம்பிற்று, படகு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. குனிந்து பார்த்தாள். விசிறி பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. எந்தக் காற்றுக்காக அவள் ஏங்குகிறாளோ, அதை!

மாங்காய்க் கொக்கியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்திருந்த துடுப்பைப் போட்டுக் கரைக்கு வந்து, வலிக்கிற தோளைத் தேய்த்துக்கொண்டே ஆசாரியைக் கூப்பிட்டாள். செல்வமணி தன் முழக்கோலோடு வந்து பலகையில் வைத்துக் காட்டினான்.

"பாருங்க. பதினஞ்சு. நான் தப்பாச் சொல்லல்லே."

"பதினஞ்சு என்ன?"

"பதினஞ்சு விரல்."

சூடாமணி மணலில் உட்கார்ந்துவிட்டாள். இங்கத்து ஆசாரிமார் கோலும் விரலுமாகத்தான் அளப்பார்கள். ஒரு விரல் என்பது மூன்று சென்டிமீட்டர். பதினைந்து விரல் கிட்டத்தட்டப் பதினெட்டு அங்குலம். முழுசாக மூன்று அங்குலம் குறைகிறது. எட்டு என்ன, இட்லியா என்று ஊரை விரட்டினவள், பதினைந்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெபமலருக்குப் போன் போட்டால், "நெட்டைத் தண்டு இனி மழை கழிஞ்சுதான் வரும் மாமி," என்றாள். மிச்சம் ஒரே வழிதான்.

"ஆசாரி, பலகையை மூணு அங்குலம் வெட்டிடு."

செல்வமணி கண்ணை மூடி, விரல்களை மடக்கி என்னவோ கூட்டினான். ஆசாரிமார் கணக்கில் எந்தச் சுற்றளவுக்கும் பால்யம், யௌவனம், மரணம் என்று ஒரு வயசு உண்டு; மரணத்தில் விழுகிற அளவை வைக்கவே மாட்டார்கள். அப்புறம் முழக்கோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "முடியாது அம்மா. இப்ப பலகையோட சுத்தளவு யௌவனத்துல நிக்கு. நீங்க சொன்ன மாதிரி வெட்டினா நேரா மரணத்துல போய் விழும்."

"இது வீடு இல்லையே, படகுதானே!"

"வீட்டுல மரணம் வந்தா வாசல் வழியா ஓடலாம். காயல்ல எங்க ஓடுவிய?"

"சரி, இன்னும் கொஞ்சம் கூட வெட்டினா?"

"மறுபடி பால்யம் வரும். ஆனா பலகை இருக்காது."

சொல்லிவிட்டு முழக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போயே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு, குடையும் மோர்ப் பாத்திரமும் கைக்கடிகாரமுமாக அனந்தபத்மநாபன் முன்பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பின்னால் பார்வைக்கு அழகாகத் தொங்கிற்று. காலைக் காற்று கொஞ்சம் இரக்கப்பட்டு, ஊர்ந்து ஊர்ந்து மணல்திட்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. திரும்பும்போது, நோட்டில் இவளே எழுதி வைத்திருந்த அதே நேரத்துக்கு, பத்து ஐந்துக்கு, நின்றுவிட்டது. ஒரு இலைகூட அசையவில்லை. கரைக்கு இன்னும் முக்கால்வாசி தூரம். அப்புறம் வலியசாலை போக அரைமணிக்கு மேல். சனிக்கிழமை துடுப்புப் போட்ட தோள் இன்றைக்கு இலை போடக்கூட லாயக்கில்லை.

வேறு வழியில்லாமல் கயிற்றை இழுத்தாள். காலி மிக்ஸி வீரிட்டது. படகு நகரவில்லை.

"என்னடி, துவையல் அரைக்கறயா?" என்றார் முன்னாலிருந்து.

நிறுத்தினாள், இழுத்தாள், மறுபடி நிறுத்தினாள். பத்தரை. பத்தே முக்கால். குரோட்டன்ஸ் இலையின் சிவப்பும் மஞ்சளும் கண்ணெதிரே ஆடின. பலூன் மேலே பத்துக் கிலோமீட்டர் போன நாட்களில்கூட அவள் கண்ணை எடுத்ததில்லை; இப்போது இந்தப் பலூனைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அனந்தபத்மநாபன் போனை எடுத்தார். இந்தக் காட்சியைச் சங்க வாட்ஸாப்புக்கு அனுப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பின்னால் நுரை வருவதையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்று, குடையை மடக்கிவிட்டு, பாய்மரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, எஞ்சினுக்குப் பக்கத்துப் பின்பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

சத்தம் மாறிற்று. வீரிட்டுக்கொண்டிருந்தது, அண்டாவில் உறுமிய மாதிரி உறுமிற்று. படகு ஒரு குதி குதித்துக் கிளம்பியது. போன் கையிலிருந்து நழுவி, காலடியில் திறந்திருந்த மோர்ப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

சூடாமணிக்கு ஒரு நொடியில் புரிந்தது. மனுஷர் பின்னால் உட்கார்ந்ததும் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. விசிறி முங்கிவிட்டது. பேசாமல் சுக்கானைக் கரைப் பக்கம் திருப்பினாள். அவர் போனை எடுத்து உதறித் துடைத்துவிட்டு, குடைக்காக எழுந்து இரண்டு அடி முன்னால் போனார். மிக்ஸி. திரும்பி வந்து உட்கார்ந்தார். உறுமல். மறுபடி முன்னால் போனார். மிக்ஸி. ரயில்வேயில் ஆயுசைக் கழித்தவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் சிக்னல் புரியும்.

"ஓஹோ," என்றார். நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார். "நான் முன்னாலே என் இடத்திலே போய் உக்காந்துண்டேன்னா, நான் ஜெயிச்சேன். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ஏன் இப்படி ஆறது? அதைச் சொல்லு முதல்லே."

சூடாமணி பல்லைக் கடித்தாள். அவர் இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"நான் அலகு கேக்கலை!" என்று கத்தினாள். கரையோரத் தென்னைமரங்களுக்கும் கேட்டிருக்கும். "ஆசாரி பதினஞ்சுன்னான். பதினஞ்சு என்னன்னு நான் கேக்கலை. விரலை அங்குலம்னு நினைச்சுண்டுட்டேன். தண்டு குட்டை. தப்பு என் மேலேதான். போறுமா?"

அனந்தபத்மநாபன் அப்படியே நின்றார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் 'தப்பு என் மேலே' என்கிற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. வரும் என்று எதிர்பார்த்ததும் இல்லை. நல்ல பாயசத்தை விழுங்காமல் நாக்கிலேயே வைத்திருக்கிறவர் மாதிரி முகம் ஆயிற்று.

"இன்னொரு தரம் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

தூரத்தில் ஒரு அன்னப்படகு திரும்பி, கையில் கயிறோடு இவர்களை நோக்கி வர ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வந்து பின்பெஞ்சில் கனமாக, நிதானமாக, அசைக்க முடியாதபடி உட்கார்ந்தார்.

"விடுடி வண்டியை. பச்சைக் கொடி."

பதினொன்றே காலுக்குக் கரை. ஆட்டோவில் அவர் அடிக்கடி தனக்குள் சிரித்துக்கொண்டார். பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது இலை முன்னால் உட்கார்ந்தாயிற்று. ரிசார்ட்டுக்கு அவரே போன் போட்டு, மோர் மணக்கிற அந்தப் போனில், வேறு தொட்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஜெபமலர் நெட்டைத் தண்டு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வேளிக் கரைக்கே வந்தாள். சூடாமணி பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அனந்தபத்மநாபன் பின்பெஞ்சில், புதிதாக வாங்கிய மெத்தைமேல், குடையோடு. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்தான் முதலில் செருப்பைப் போட்டுக்கொள்கிறார்.

"மாத்திரலாமா மாமி? இது கரெக்டா முங்கும்."

"வேண்டாம்டி," என்றாள் சூடாமணி. "நெட்டைத் தண்டு வெச்சா இவர் எழுந்து முன்னாலே போயிடுவார். இதுவே இருக்கட்டும். எங்காத்துக்காரர் நூத்திப் பத்தாக்கும். அவர் பின்னாலே உக்காந்தார்னா மூணு அங்குலம் என்ன, மூணு அடி இறங்கும். போன மாசம் இதே எஞ்சின்லே கொல்லம் வரைக்கும் போய்ட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தோம், தெரியுமோ?"

ஜெபமலர் வாயைப் பிளந்தாள். குடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மணல்திட்டு வரைக்கும்தான் போனோம். அப்புறம், நான் தொண்ணூத்தி நாலு."

கொஞ்சம் நிறுத்தி, குடையைச் சாய்த்து, சூடாமணியின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்.

"கிலோ."